ஆப்பிரிக்க ஒற்றுமை: நிக்ருமா அவசரப்பட்டாரா, மற்றவர்கள் அசந்துவிட்டார்களா?

மாறன்_திருச்சி | 2025 மே 25, இரவு 8.50

இன்று ஆப்பிரிக்க தினம். 1963 மே 25 அன்று எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கிய நாள். கொஞ்ச நாளாக அந்த மாநாட்டைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி விடமாட்டேன் என்கிறது, அதனால் இங்கே போடுகிறேன்.

கானாவின் குவாமே நிக்ருமா அந்த மாநாட்டுக்கு வெறுங்கையோடு வரவில்லை. அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டுவிட்டு வந்தார். அவர் கேட்டது நட்பு ஒப்பந்தம் அல்ல, ஒரே அரசாங்கம். ஒரே வெளியுறவுக் கொள்கை, ஒரே பாதுகாப்பு ஏற்பாடு, ஒரே நாணயம், ஒரே மத்திய வங்கி. தலைநகரை எங்கே வைக்கலாம் என்றுகூடச் சொன்னார்: மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்குயி, இல்லையென்றால் காங்கோவின் லியோபோல்ட்வில், அதாவது இன்றைய கின்ஷாசா. தன் அக்ராவைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். கையெழுத்துப் போட்டது மட்டும் வேறொன்றில். ஒவ்வொரு நாட்டின் இறையாண்மையும் சமம், யாருடைய உள்விவகாரத்திலும் யாரும் தலையிடக் கூடாது என்பதுதான் சாசனத்தின் சாரம். அடுத்த வருடமே கெய்ரோவில் கூடி, விடுதலை பெற்றபோது இருந்த எல்லைகளை அப்படியே மதிப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். ஐரோப்பியர்கள் ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகளுக்கு ஆப்பிரிக்கர்களே காவல் என்றாகிவிட்டது. (சோமாலியாவும் மொராக்கோவும் மட்டும் ஏற்கவில்லை, அவரவர் காரணத்துக்காக.)

என் கட்சி நிக்ருமா பக்கம். 1960-ல் மட்டும் 17 நாடுகள் விடுதலை பெற்றிருந்தன. கொடியின் சாயம் காயவில்லை, நாற்காலியின் ருசி இன்னும் பழகவில்லை. அதை விட்டால் வேறு நேரமே கிடையாது என்று அவர் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

கடற்காகம் | மே 25, இரவு 9.35

மாறன், மேடையில் நிக்ருமா பெரிய ஆள், மறுக்கவில்லை. பக்கத்து நாட்டுக்காரராக எப்படி இருந்தார் என்றும் பார்க்க வேண்டும் இல்லையா?

அந்த மாநாட்டுக்கு நாலு மாதம் முன்பு, 1963 ஜனவரியில், டோகோவின் ஜனாதிபதி சில்வானஸ் ஒலிம்பியோ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது அந்த ஊர் முன்னாள் சிப்பாய்கள்தான், கானா அல்ல. ஆனால் டோகோவைக் கானாவின் இன்னொரு மாகாணமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற தொனியில் நிக்ருமா முன்பே பேசி வைத்திருந்தார். அந்தப் பேச்சைக் கேட்ட சின்ன நாடுகளுக்கு "ஒரே அரசாங்கம்" என்றால் காதில் எப்படி விழுந்திருக்கும்?

உள்நாட்டில் 1958-லேயே விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் சட்டம், 1964-ல் ஒரே கட்சி ஆட்சி. அவரை லண்டனிலிருந்து ஊருக்கு அழைத்த கட்சியின் தலைவர்களில் ஒருவரான டான்குவா 1965-ல் சிறையிலேயே செத்துப்போனார். இப்படிப்பட்டவர் கையில் ஒரு கண்டத்தின் ராணுவத்தைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

ஒன்றிய முயற்சியே நடக்காமல் இல்லை. 1958-ல் பிரான்ஸின் டி கோல், தன்னோடு ஒரே சமூகமாக இருக்கச் சம்மதமா என்று காலனிகளில் நடத்திய வாக்கெடுப்பில் கினி மட்டும் "வேண்டாம்" என்றது. பிரான்ஸ் கோபத்தோடு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனது. நிக்ருமா உடனே 1 கோடி பவுன் கடன் அறிவித்து, கானா–கினி ஒன்றியம் என்று பிரகடனம் செய்தார். நல்ல மனசுதான். ஆனால் இரண்டுக்கும் பொது எல்லையே கிடையாது, நடுவில் ஐவரி கோஸ்ட். 1961-ல் மாலியும் சேர்ந்தது. பொது நாணயமும் வரவில்லை, பொது நாடாளுமன்றமும் வரவில்லை.

தேன்மொழி_டி | மே 25, இரவு 10.50

இரண்டு பேரும் நிக்ருமாவை வைத்தே ஆடுகிறீர்கள். எதிர்ப்பக்கம் இருந்த ஆளைப் பார்த்தால்தான் கதை புரியும்: தாங்கனீக்காவின், அதாவது இன்றைய தான்சானியாவின் பெருநிலத்தின், ஜூலியஸ் நியெரெரே. "படிப்படியாகப் போவோம், முதலில் வட்டார அளவில் சேர்வோம்" என்றவர். அவரைக் கோழை என்று சொல்ல முடியாது. 1960-ல், கென்யாவும் உகாண்டாவும் சேர்ந்து ஒரே கூட்டாட்சியாக வருவதாக இருந்தால் தன் நாட்டின் சுதந்திரத்தையே தள்ளிப்போடத் தயார் என்று சொன்ன மனிதர். உலகத்தில் எந்தத் தலைவர் இப்படிச் சொல்லியிருக்கிறார்?

கிழக்கு ஆப்பிரிக்காவில் அப்போது என்ன இருந்தது என்று யோசியுங்கள். மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷில்லிங். ஒரே ரயில்வே, ஒரே துறைமுக நிர்வாகம், ஒரே தபால், ஒரே விமான நிறுவனம். சில வருடம் ஒரே பல்கலைக்கழகம்கூட. வெள்ளைக்காரன் தன் வசதிக்குச் செய்ததுதான். ஆனாலும் கையில் தயாராக இருந்தது. 1963 ஜூனில் கென்யாவின் கென்யாட்டா, நியெரெரே, உகாண்டாவின் ஒபோடே மூவரும் நைரோபியில் உட்கார்ந்து, அந்த வருட முடிவுக்குள் ஒரே நாடு என்று அறிவித்தார்கள். வருடம் முடிந்தது, நாடு வரவில்லை. 1966-ல் ஷில்லிங்கும் மூன்றாகப் பிரிந்தது.

அப்புறம் 1967-ல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்று வைத்து மிச்சமிருந்ததைக் காப்பாற்றப் பார்த்தார்கள். தொழிற்சாலை எல்லாம் கென்யாவிலேயே குவிகிறது என்று மற்ற இருவருக்கும் மனத்தாங்கல். 1971-ல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார். அவரோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்று நியெரெரே மறுத்துவிட்டார். சமூகத்தின் உச்ச அவை மூன்று ஜனாதிபதிகளும் சேர்ந்ததுதான். அது அதற்குப் பிறகு கூடவே இல்லை. 1977 பிப்ரவரியில் தான்சானியா எல்லையை மூடியது. நைரோபியிலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்த வேன்களும் சிறிய விமானங்களும் அங்கேயே பறிமுதல். எல்லை திறக்க 1983 ஆனது, பொதுச் சொத்தைப் பிரித்து முடிக்க 1984.

இதன் வடு இன்னும் ஆறவில்லை. மசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளி, நடுவில் நாட்டு எல்லை. வருடா வருடம் லட்சக்கணக்கான காட்டெருதுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகின்றன. அவற்றைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிக்கு மட்டும், 1977-ல் மூடிய அந்த வாசல் இன்றுவரை திறக்கவில்லை. சாலை வழியாகத் தள்ளிப்போய் வேறு சாவடியில்தான் கடக்க வேண்டும்.

ஆக, பொருளாதாரம் முதலில், அரசியல் பிறகு என்று போனால் ஒரே ஒரு ராணுவப் புரட்சியில் எல்லாம் குலைந்துவிடும் என்பதற்கு உதாரணம் நியெரெரேயின் சொந்த வட்டாரமே. மறுபக்கம், அரசியல் இணைப்பு ஒன்று இன்றுவரை நிற்கிறது என்றால் அதைச் செய்தவரும் அவரே: 1964 ஏப்ரலில் தாங்கனீக்காவும் சான்சிபாரும் சேர்ந்து தான்சானியா ஆனது. சான்சிபாருக்கு இன்றும் தனி ஜனாதிபதி உண்டு, உரசலும் உண்டு. இருந்தாலும் நிற்கிறது.

பாலா_கோவை | மே 26, காலை 7.10

55 நாடு, ரெண்டாயிரம் மொழியா? எங்கள் அபார்ட்மென்ட்டில் 24 வீடு. தண்ணீர் லாரிக் காசைப் பிரிப்பதில் போன வருடம் போட்ட சண்டை இன்னும் ஓயவில்லை. செயலாளர் பதவிக்கு மட்டும் ஏழு பேர் போட்டி. நீங்கள் கண்டத்தையே சேர்க்கிறீர்கள், நடத்துங்கள்.

மாறன்_திருச்சி | மே 26, காலை 8.05

பாலா, சிரிக்கச் சொன்னாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. மொழி பெரிய தடையாக இருக்கவில்லை. செயலாளர் பதவிதான் தடை. இதை நியெரெரேயே பிற்காலத்தில் சொன்னார். 1997 மார்ச்சில் கானாவின் 40-ஆவது சுதந்திர தினத்துக்கு அக்ரா போனபோது பேசியது. கொடி, தேசிய கீதம், பாஸ்போர்ட், ஐ.நா.வில் ஓர் இருக்கை, 21 குண்டு மரியாதைக்கு உரியவர்கள், அமைச்சர்கள், தூதர்கள் என்று பெருக்கிவிட்டால், கண்டம் துண்டுதுண்டாகவே இருப்பதில் லாபம் காணும் பெரிய மனிதர்களின் ஒரு படையே உருவாகிவிடும் என்றார். 1965-ல் நிக்ருமா எதிர்கொண்டது இதைத்தான் என்றும் சொன்னார். எதிரணியில் நின்றவர் 34 வருடம் கழித்து இப்படிச் சொன்னால் அதற்கு எடை அதிகம் என்பது என் எண்ணம்.

லாரிஷெட்_மணி | மே 26, மதியம் 1.20

மாநாடு, சாசனம் எல்லாம் எனக்குத் தெரியாது. லுசாகாவில் சில வருடம் சரக்குப் போக்குவரத்தில் வேலை பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

சாம்பியாவின் காப்பர்பெல்ட்டிலும் எல்லைக்கு அப்பால் காங்கோவின் கட்டாங்காவிலும் செம்பு வெட்டுகிறார்கள். தகடுகளாக அடுக்கி லாரியில் ஏற்றி டர்பன் துறைமுகத்துக்கோ தார் எஸ் சலாமுக்கோ அனுப்ப வேண்டும். ஆப்பிரிக்காவில் 16 நாடுகளுக்குக் கடலே கிடையாது. அப்படிப்பட்ட நாட்டில் இருந்து பார்த்தால்தான் ஒற்றுமை என்றால் என்னவென்று தெரியும்.

காங்கோ எல்லை கசும்பலேசா. அங்கே லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். சாம்பியாவில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், காங்கோவில் வலப்பக்கம், அங்கேயே மாற வேண்டும். சரக்கு ஏஜென்டின் காகிதம் வரும்வரை டிரைவர் லாரி நிழலில் கரி அடுப்பு மூட்டி மக்காச்சோள மாவில் ந்ஷிமா கிண்டுவார். தொட்டுக்கொள்ளக் கீரையோ கருவாட்டுக் குழம்போ இருந்தால் அன்றைக்கு விருந்து. காகிதம் இன்று வருமா என்று கேட்டால் "நாளை" என்பார்கள். நாளை கேட்டாலும் அதேதான்.

தெற்கே கசுங்குலா. சாம்பேசி ஆற்றில் சாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் இடையே பொது எல்லை சுமார் 150 மீட்டர்தான். நான்கு நாடுகள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் இடம். ரொம்ப காலம் மிதவைப் படகில்தான் லாரியை ஏற்றிக் கடத்தினார்கள், ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு லாரி. வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 2021 மே மாதம் பாலம் திறந்தார்கள், 923 மீட்டர். நேராகப் போட்டால் ஜிம்பாப்வே எல்லையைத் தொட்டுவிடும், ஜிம்பாப்வே அப்போது திட்டத்தில் சேரவில்லை. அதனால் பாலத்தையே வளைத்துக் கட்டினார்கள். மேலே நின்று பார்த்தால் வளைவு தெளிவாகத் தெரியும். பாலம் அழகு, அதில் சந்தேகமில்லை.

இன்னொன்று சிருண்டு, சாம்பியா–ஜிம்பாப்வே எல்லை. 2009-ல் இரண்டு நாட்டு அதிகாரிகளையும் ஒரே கூரையில் உட்கார வைத்தார்கள். முன்பு இந்தக் கரையில் ஒரு சோதனை, அந்தக் கரையில் அதே சோதனை. இப்போது ஒரே இடத்தில் முடிந்துவிடும். நாட்கணக்கு மணிக்கணக்கு ஆனது. வண்டி இன்சூரன்ஸுக்கும் அந்த வட்டாரத்தில் மஞ்சள் அட்டை என்று ஒன்று உண்டு, ஒரே அட்டை பல நாடுகளில் செல்லும். 1980-களிலேயே வந்துவிட்டது. எந்தத் தலைவரும் இதைப் பற்றி வீர உரை ஆற்றிக் கேட்டதில்லை. டிரைவர்களைக் கேட்டால் ஒன்றியம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

கடற்காகம் | மே 26, மதியம் 2.45

மணி அண்ணே, அருமை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பெரிய ஒன்றியம் வேண்டாம், இப்படிப்பட்ட சாவடிகள் நூறு போதும்.

தேன்மொழி_டி | மே 26, மாலை 6.15

போதுமா, கடற்காகம்? சாவடியைத் திறந்தவர்களே ஒரே இரவில் மூடவும் முடியும்.

ஆப்பிரிக்கக் கண்டச் சுதந்திர வர்த்தகப் பகுதி என்ற ஒப்பந்தம் 2018 மார்ச்சில் கிகாலியில் கையெழுத்தானது. 2019 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எரித்ரியா தவிர எல்லா நாடுகளும் இன்று கையெழுத்திட்டவை. கண்டத்திலேயே பெரிய சந்தையான நைஜீரியா தயங்கித் தயங்கி 2019 ஜூலையில் நியாமி மாநாட்டில் போட்டது. ஜனாதிபதி புகாரி கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள், அதாவது ஆகஸ்டில், தரைவழி எல்லைகளை மூடிவிட்டார். பெனின் வழியாக அரிசி கடத்தி வருகிறார்களாம். 2020 டிசம்பர் வரை மூடியே இருந்தது. லாகோஸ் சந்தையை நம்பியிருந்த பெனின் வியாபாரிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். யாரும் நைஜீரியாவைக் கேட்க முடியவில்லை, ஏனென்றால் கேட்கும் அதிகாரமுள்ள அமைப்பு எதுவும் இல்லை.

வர்த்தகப் பகுதியின் தலைமைச் செயலகம் எங்கே தெரியுமா? அக்ராவில். அதே கானாவில், வெளிநாட்டுக்காரர் சில்லறைக் கடை வைக்கக் கடும் கட்டுப்பாடு உண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிகம் செய்ய வரும் அந்நியர் 10 லட்சம் டாலர் முதலீடு காட்ட வேண்டும். நைஜீரியக் கடைக்காரர்களுக்கும் அதேதான், கடைகளைப் பூட்டிய சம்பவங்களும் நடந்தன. கண்டத்துக்குள் நடக்கும் வர்த்தகம் மொத்தத்தில் 15 சதவீதத்தைச் சுற்றியே இருப்பதற்கு ரயில் பாதையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

டர்பன்வாசி | மே 26, இரவு 11.30

நாகப்பட்டினத்துக்காரன், இப்போது வேலை டர்பனில். இழையில் ஒற்றுமை பற்றிப் பேசினீர்கள், ஆப்பிரிக்க மறுமலர்ச்சியை, அதாவது கண்டம் மறுபடி தலைநிமிரும் என்ற கனவை, தொடவில்லை. அதில் இங்கே ஒரு பெரிய முரண் இருக்கிறது.

அப்போது தென்னாப்பிரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்த தபோ ம்பெக்கி 1996 மே 8 அன்று, புதிய அரசியல் சாசனம் நிறைவேறிய நாளில், நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சு இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தான் யார் என்று சொல்லிக்கொண்டே போகிறார்: கோய், சான் மக்கள், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், மலாய் அடிமைகள், போரிட்ட மன்னர்கள். அந்த வரிசையில் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் உடலுழைப்புக்காகக் கொண்டுவரப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கிய கூலிக் கப்பல் அது. இங்கே சாட்ஸ்வொர்த்தில் கோயிலுக்குப் போனால் அவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம். நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் தன் முன்னோர் பட்டியலில் நம் ஆட்களைச் சேர்த்தது எனக்கு இன்றும் நெகிழ்ச்சிதான்.

இந்த மனிதர் 20 வருடத்துக்கு மேல் நாடுகடந்து வாழ்ந்தவர். அவருடைய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் கட்சியின் தலைமையகமே லுசாகாவில்தான் இருந்தது, மணி அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக், அங்கோலா எல்லாம் இடம் கொடுத்தன. கொடுத்ததற்கு வெள்ளை அரசின் குண்டுகளை வாங்கிக்கொண்டன. ஒற்றுமை அமைப்பின் விடுதலைக் குழு தார் எஸ் சலாமிலிருந்துதான் இயங்கியது. அந்த அமைப்பு ஒன்றும் சாதிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1963-ல் தொடங்கிய வேலை 1994-ல் இங்கே முடிந்தது.

அப்புறம் 2008 மே. ம்பெக்கியே ஜனாதிபதி. ஜோகன்னஸ்பர்க் அலெக்ஸாண்ட்ராவில் தொடங்கி, ஜிம்பாப்வே, மொசாம்பிக், மலாவிக்காரர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். முழங்கையைக் காட்டி ஜூலுவில் இதற்குப் பெயர் சொல் என்று கேட்டு, திணறியவரை இழுத்தார்கள். 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு தென்னாப்பிரிக்கர்களே. 2015-ல் இதே டர்பனில் மறுபடியும், 2019-ல் ஜோகன்னஸ்பர்க்கில் மறுபடியும்.

வேலையில்லாத இளைஞனுக்கு ஆப்பிரிக்க மறுமலர்ச்சி என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து ஸ்பாசா கடையை (நம் ஊர்ப் பெட்டிக்கடை மாதிரி) வைத்திருப்பவர் சோமாலியர் என்பதுதான்.

தேன்மொழி_டி | மே 27, காலை 9.00

டர்பன்வாசி, இது தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. நிக்ருமா கவிழ்ந்து மூன்றே வருடத்தில், 1969-ல், கானா அரசு காகிதமில்லாத அந்நியர்களை இரண்டு வாரத்துக்குள் வெளியேறச் சொன்னது. பெரும்பாலும் நைஜீரியர்கள். 1983-ல் நைஜீரியாவின் எண்ணெய்ப் பணம் வற்றியபோது அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியேறியவர்களில் சுமார் 10 லட்சம் பேர் கானாக்காரர்கள்.

கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் சாக்குப் பை ஒன்று உண்டே, நம் ஊர் ரயில் நிலையங்களிலும் பார்க்கலாம். கிடைத்ததை அந்தப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பைக்கு இன்றுவரை "கானாக்காரன் போகணும்" என்றுதான் பெயர். சந்தையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விலை கேட்கிறார்கள்.

நெறியாளர் | மே 27, காலை 10.20

நம் ஊர் வடமாநிலத் தொழிலாளர் விவகாரத்தை இழுத்து இரண்டு பின்னூட்டங்கள் வந்தன, நீக்கப்பட்டன. அதற்குத் தனி இழை இருக்கிறது.

கடற்காகம் | மே 27, பகல் 12.40

தலைமை அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002-ல் டர்பனில் பழைய அமைப்பைக் கலைத்து ஆப்பிரிக்க ஒன்றியம் ஆக்கினார்கள். லிபியாவின் கடாபி பணத்தையும் கூடாரத்தையும் வைத்து அதை முன்தள்ளினார். அடிஸ் அபாபாவில் அதன் தலைமையகக் கோபுரம் 2012-ல் திறந்தது. சீனா 20 கோடி டாலரில் கட்டிக் கொடுத்த பரிசு. சுயமரியாதை பேசும் கண்டத்துக்குச் சொந்தக் கூரை போட வக்கில்லையா என்று அங்கேயே பலர் கேட்டார்கள். 2018-ல் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று, அங்குள்ள கணினிகளின் தகவல் இரவோடு இரவாக ஷாங்காய்க்குப் போகிறது என்று எழுதியது. சீனா மறுத்தது.

செலவுக்கு வெளியாரிடம் கையேந்தக் கூடாது என்று ருவாண்டாக்காரரான டொனால்ட் கபெருகா 2016-ல் ஒரு வழி சொன்னார்: தகுதியுள்ள இறக்குமதிகள் மீது 0.2 சதவீதம் வரி போட்டு ஒன்றியத்துக்குக் கொடுங்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், பல நாடுகள் இன்னும் வசூலிக்கவே ஆரம்பிக்கவில்லை. அதே கூட்டத்தில் ஆப்பிரிக்கப் பாஸ்போர்ட்டை வெளியிட்டார்கள். முதல் பிரதிகள் போனது ருவாண்டா ஜனாதிபதி ககாமேவுக்கும், 1990-லிருந்து சாட் நாட்டை ஆண்டுகொண்டிருந்த இட்ரிஸ் டெபிக்கும். சாதாரண ஆளுக்கு எப்போது? கண்டத்தின் பெரும் பணக்காரர் டாங்கோட்டே போன வருடம் கிகாலியில் புலம்பினார்: நைஜீரியப் பாஸ்போர்ட்டில் ஆப்பிரிக்கா சுற்ற 35 விசா வேண்டுமாம்.

பாலா_கோவை | மே 27, பகல் 12.55

அவருக்கே 35-ஆ! அப்போ ந்ஷிமா கிண்டுகிற டிரைவருக்கு?

மாறன்_திருச்சி | மே 27, இரவு 9.15

எல்லாவற்றையும் படித்தேன். ருவாண்டா, பெனின், காம்பியா, செஷல்ஸ் எல்லாம் ஆப்பிரிக்கர்கள் அனைவருக்கும் விசாவை எடுத்துவிட்டன, இந்த ஜனவரியில் கானாவும் எடுத்தது. இதையும் கணக்கில் சேருங்கள், கடற்காகம். 2017 ஜனவரியில் காம்பியாவின் ஜம்மே தேர்தலில் தோற்றும் நாற்காலியை விட மறுத்தபோது, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை எல்லையைத் தாண்டியதும் இரண்டே நாளில் விமானம் ஏறினார். "உள்விவகாரம்" என்ற பழைய சாசனம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. 1975-ல் அந்தப் பழைய ஒற்றுமை அமைப்பு இடி அமீனைத் தலைவராக உட்கார வைத்த காலமும் இருந்தது.

சேர்ந்து நின்றால் என்ன ஆகும், தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காட்சி. 1987 ஜூலை, அடிஸ் அபாபா. புர்கினா ஃபாசோவின் தாமஸ் சங்காரா, வயது 37. கடனைக் கட்ட வேண்டாம், எல்லோரும் சேர்ந்து மறுப்போம் என்கிறார். புர்கினா மட்டும் தனியாக மறுத்தால் அடுத்த மாநாட்டில் நான் இருக்க மாட்டேன் என்கிறார். அவையில் சிரிப்பு, கைதட்டல். பிறகு தன் சட்டையைக் காட்டுகிறார். எங்கள் பருத்தி, எங்கள் ஊர்த் தறி, என் குழுவில் யார் மேலும் வெளிநாட்டு நூல் ஒன்றுகூட இல்லை, ஆப்பிரிக்கச் சந்தையை ஆப்பிரிக்கர்களுக்கு ஆக்குவோம் என்கிறார். அக்டோபர் 15-ல் சொந்தத் தோழர்களின் துப்பாக்கியால் செத்தார். கடனை யாரும் சேர்ந்து மறுக்கவில்லை.

தேன்மொழி_டி | மே 27, இரவு 10.40

சங்காராவின் யோசனை சின்ன அளவில் ஒரு முறை நடந்தது, மாறன். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டும் கானாவும்தான் விளைவிக்கின்றன. 2019-ல் இருவரும் கைகோத்து, டன்னுக்கு 400 டாலர் விவசாயிக்கென்று தனியாகக் கொடுத்தால்தான் விற்போம் என்றார்கள். சாக்லேட் கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. பிறகு தரத்துக்காகத் தரும் வேறொரு கூடுதல் தொகையில் கையை வைத்து, கொடுத்ததில் ஒரு பகுதியை வேறு வழியில் எடுத்துக்கொண்டன. இரண்டு நாடு சேர்ந்ததால் பேச முடிந்தது. நைஜீரியா, கேமரூனும் உள்ளே இருந்திருந்தால் பிடி இன்னும் இறுகியிருக்கும்.

பாலா_கோவை | மே 28, காலை 7.30

சரி, இப்போது மாலி, புர்கினா, நைஜர் மூன்றும் சேர்ந்து ஏதோ கூட்டமைப்பு ஆரம்பித்திருக்கிறார்களே. அது நிக்ருமா வழியா, நியெரெரே வழியா?

மாறன்_திருச்சி | மே 28, காலை 8.20

வழி நிக்ருமாவுடையதுதான், ஆட்கள்தான் வேறு. அரசியல் முதலில்: கூட்டுப் படை, பொதுப் பாஸ்போர்ட், பொது வங்கி என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் மூன்றிலும் ராணுவ ஆட்சி, மக்களை யாரும் கேட்கவில்லை. ஓர் ஒன்றியத்தைக் கட்ட இன்னோர் ஒன்றியத்திலிருந்து, அதாவது எகோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் சமூகத்திலிருந்து, இந்த ஜனவரி 29 அன்று வெளியேறினார்கள். அங்கே 1979-லிருந்து மக்கள் விசா இல்லாமல் போய்வரும் உரிமை இருந்தது. இதைப் பார்த்துக் கைதட்டுவதா, தலையில் கைவைப்பதா என்று எனக்கே தெரியவில்லை.

லாரிஷெட்_மணி | மே 28, மதியம் 1.50

மூன்றுமே கடலில்லாத நாடுகள். சரக்கு அபிஜான், டக்கார், லோமே, கோட்டோனு வழியாகத்தான் வந்தாக வேண்டும். வெளியேறிய கையோடு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு 0.5 சதவீதம் வரி என்று மார்ச்சில் அறிவித்தார்கள். லாரிக்காரன் கணக்கில் அது இன்னொரு காகிதம், இன்னொரு கவுன்டர்.

2023-ல் நைஜரில் புரட்சி நடந்தபிறகு பெனின் எல்லையை மூடினார்கள். தடையை மற்றவர்கள் 2024-லேயே விலக்கிவிட்டார்கள், நைஜர் தன் பக்கத்தைத் திறக்கவில்லை. மலான்வில்லில் ஆற்றுப் பாலம் முன்னால் லாரிகள் நிற்க, மூட்டைகள் கீழே படகில் கடந்தன. அதே எல்லையைத் தாண்டி நைஜரின் எண்ணெய் குழாயில் பெனின் கடற்கரைக்குப் போகிறது, சீனக் கம்பெனி போட்ட குழாய். அதையும் ஒரு கட்டத்தில் நிறுத்தினார்கள், பிறகு பேசி ஓட விட்டார்கள். அரிசிக்காரருக்காகப் பேச யாரும் வரவில்லை.

தேன்மொழி_டி | மே 28, மாலை 5.05

மணி சார், இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறையாண்மை என்று இவ்வளவு பேசும் அந்த மூன்று நாடுகளும் இன்றும் சிஎஃப்ஏ பிராங்கைத்தான் புழங்குகின்றன. 1945-ல் பிரான்ஸ் உருவாக்கிய நாணயம், 1 யூரோவுக்கு 655.957 என்று கட்டிப் போட்டது. எட்டு நாடுகளுக்குப் பொதுவான நாணயம் அது, டக்காரில் ஒரே மத்திய வங்கி. நிக்ருமா கேட்ட நான்கில் இரண்டு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, வேறொருவர் ஏற்பாட்டில். அதை விட்டு வெளியேறினால் மூன்று புது நோட்டு அச்சடிப்பார்களா, ஒன்றா? நாணயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், மாறன். இங்கே இதற்கு மேல் இழுத்தால் நெறியாளர் பூட்டிவிடுவார்.